நாங்கள் எழுந்தால் அது அலை இல்லை, கலாட்டா

நாற்பது நொடி ஓடும் ஒரு ரீல்ஸ் கடந்த கோடையில் எங்கள் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது. இரவு நேரக் கபடிப் போட்டி. சவுக்குக் கழி கட்டிய கேலரியின் ஒரு முனையில் பையன்கள் கையைத் தூக்கி எழுந்து உட்காருகிறார்கள். பக்கத்தில் இருப்பவர்கள் எழுகிறார்கள், பிறகு அதற்கும் பக்கத்தில் இருப்பவர்கள். அலை மூன்று பக்கக் கேலரியையும் கடந்து, நான்காம் பக்கம் கயிற்றுக்குப் பின்னால் மணலில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தையும் எழுப்பிவிட்டு, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறது. பின்னணியில் சினிமாப் பாட்டு. கீழே எழுத்து: ‘விளையாட்டுக்குச் சாதி கிடையாது. இதுதான் எங்க ஊரு.’

முற்போக்காளர்கள் என்று நான் மதிக்கும் இரண்டு பேர் இதை எனக்கு அனுப்பியிருந்தார்கள். அதில் ஒருவர், “எப்பவும் குறை மட்டும் சொல்லாதீங்க தோழர், இதையும் பாருங்க” என்று எழுதியிருந்தார்.

பார்த்தேன் தோழர். ரீல்ஸில் மட்டும் இல்லை, நேரிலேயே பார்த்தேன். அந்தப் போட்டியன்று நான் அந்தக் கேலரியில்தான் உட்கார்ந்திருந்தேன். ரீல்ஸ் முடிகிற இடத்துக்குப் பிறகு என்ன நடந்தது என்பதும் எனக்குத் தெரியும். அதைச் சொல்லாமல் விட்டால் அந்த நாற்பது நொடிதான் வரலாறாகிவிடும்.

மாமல்லபுரத்துக்கும் கல்பாக்கத்துக்கும் இடையில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது அந்த ஊர். பெயரை எழுதவில்லை. எழுதினால் சிக்கல் எனக்கு வராது, அங்கே இருக்கும் பையன்களுக்கு வரும். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடந்ததே, அந்தக் கடற்கரையிலிருந்து பைக்கில் அரை மணி நேரம்கூட ஆகாது. கடலில் எழும் அலையைப் பார்க்க உலகமே வந்தது. இங்கே தரையில் எழுந்து விழுந்த அலையைப் பார்க்க யாரும் வரவில்லை.

போட்டி நடந்த மைதானம் வருவாய்த் துறைப் பதிவேட்டில் மேய்க்கால் புறம்போக்கு. அதாவது எவருடைய பட்டா நிலமும் இல்லை, அரசு நிலம், எல்லோருக்கும் பொது. ஆனால் போட்டியை நடத்துவது ஊர்ப் பையன்களின் குழு. கேலரி நன்கொடை கொடுத்த குடும்பங்களுக்கு. காலனிக்காரர்களுக்குக் கேலரி ஏன் இல்லை என்று கேட்டேன். “அவங்க நன்கொடை கொடுக்கலியே சார்” என்றார் ஒருவர். காலனியில் கேட்டபோது, “எங்ககிட்ட வசூலுக்கே வரலண்ணா. வாங்கினா நாளைக்குப் பங்கு கேப்போம்னு பயம்” என்றார்கள். கோயில் திருவிழாவில் சேரிக்காரர்களிடம் தலைக்கட்டு வரி வாங்காமல் விடுகிற அதே தந்திரம்தான். வரி வாங்கினால் உரிமை கொடுக்க வேண்டும். வாங்காமல் விட்டால் ‘நீங்கள் கொடுக்கவில்லை’ என்று சொல்லிவிடலாம்.

முதல் அலை கேலரியில் தொடங்கியது. கல்லூரிப் பையன்கள் “வேவ் போடலாம்டா” என்று ஆரம்பித்தார்கள். மணலில் உட்கார்ந்திருந்த காலனிப் பையன்கள் தங்கள் முறை வந்தபோது எல்லோரையும்விட உற்சாகமாக எழுந்தார்கள். ரீல்ஸில் இருப்பது இதுதான். அதில் பொய் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் காலனி அணி ஆட வந்தது. அவர்களுடைய ரெய்டர் ஒருவன் ஒரே ரெய்டில் மூன்று பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். மணலில் இருந்து முப்பது பேராவது சேர்ந்தாற்போல் எழுந்து கையைத் தூக்கி, பக்கத்துக் கேலரியைப் பார்த்து “ஓ…” என்று அலையைத் தள்ளிவிட்டார்கள். கேலரி அசையவில்லை. சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்கள். மறுபடியும் எழுந்தார்கள். கேலரியில் சிலர் செல்போனைப் பார்த்தார்கள். மூன்றாம் முறை எழுந்தபோது மைக் பேசியது: “காலனிப் பக்கம் இருக்கிற தம்பிங்க தயவுசெய்து உட்காரவும். ஆட்டத்துக்கு இடையூறு பண்ண வேண்டாம்.” பாதுகாப்புக்கு வந்திருந்த இரண்டு காவலர்கள் லத்தியோடு கயிற்றருகே போய் நின்றார்கள். யாருக்கும் அடி விழவில்லை. எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஆட்டம் தொடர்ந்தது.

போட்டி முடிந்து டீக்கடையில் பேசிக்கொண்டிருந்தபோது அவர்களில் ஒருவன் சொன்னான்: “அவுங்க எழுந்தா வேவு. நாங்க எழுந்தா அது வேவ் இல்லண்ணா, கலாட்டா.”

இந்த ஒரு வாக்கியத்துக்காக நான் பல நாள் படித்தேன்.

மைதான அலைக்கு வரலாறு உண்டு. 1981 அக்டோபர் 15 அன்று அமெரிக்காவின் ஓக்லாந்தில், உள்ளூர் அணிக்கும் நியூயார்க் யாங்கீஸுக்கும் நடந்த பேஸ்பால் ஆட்டத்தில் ஜார்ஜ் ஹெண்டர்சன் என்ற தொழில்முறை உற்சாகமூட்டி இதைச் செய்துகாட்டினார். ஆட்டம் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. இரண்டு வாரம் கழித்து, அக்டோபர் 31 அன்று, சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழக மைதானத்திலும் அலை எழுந்தது. முதலில் செய்தது நாங்கள்தான் என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. 1986இல் மெக்சிகோவில் நடந்த உலகக்கோப்பைக் கால்பந்து அதை உலகம் முழுவதும் கொண்டுபோனது. ‘மெக்சிகன் அலை’ என்ற பெயரும் அதனால் வந்ததுதான்.

ஹெண்டர்சனின் அலையும் முதல் முயற்சியிலேயே சுற்றி வரவில்லை. சில பகுதிகளைத் தாண்டியதும் செத்துப்போனது. அப்போது அவர், அலை எங்கே நிற்கிறதோ அந்தப் பகுதியைப் பார்த்துக் கூச்சலிடும்படி மக்களிடம் சொன்னார். எழாதவர்களுக்கு வெட்கம் வந்தது. அடுத்தடுத்த முயற்சிகளில் அலை மைதானத்தைச் சுற்றியது. மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்திலும் இதுவே வழக்கம். அங்கே மன்ற உறுப்பினர்களுக்கான பகுதி மட்டும் கௌரவம் பார்த்துக்கொண்டு எழாது. அலை அங்கே வந்து அறுபட்டதும் மைதானமே அவர்களைப் பார்த்து ஊளையிடும். மறுபக்கத்தில் இருந்து அலை மீண்டும் கிளம்பும்.

இரண்டு இடத்திலும் கூச்சல் எழாதவர்களை நோக்கிப் போகிறது. நம்முடைய புறம்போக்கு மைதானத்தில் மைக் யாரை நோக்கிப் பேசியது? எழுந்தவர்களை.

2002இல் ‘நேச்சர்’ இதழில் ஃபர்காஸ், ஹெல்பிங், விச்செக் என்ற மூன்று ஆய்வாளர்கள் மெக்சிகன் அலையைப் பற்றி ஒரு குறுங்கட்டுரை வெளியிட்டார்கள். 50,000 பேருக்கு மேல் அமரும் மைதானங்களில் எழுந்த 14 அலைகளின் காணொளிகளை ஆராய்ந்திருந்தார்கள். அலை பெரும்பாலும் கடிகாரச் சுற்றில் ஓடுகிறது. வேகம் நொடிக்குச் சுமார் 12 மீட்டர், அதாவது 20 இருக்கை. அகலம் சராசரியாக 15 இருக்கை. தொடங்கி வைக்கச் சில டஜன் பேர் ஒரே நேரத்தில் எழுந்தால் போதும். இதயத் தசையில் மின்துடிப்பு பரவுவதையும் காட்டில் தீ பரவுவதையும் விளக்கப் பயன்படும் அதே மாதிரியைக் கொண்டு இதையும் விளக்கினார்கள். பக்கத்தில் போதுமான பேர் எழுந்தால் நானும் எழுகிறேன். எழுந்து உட்கார்ந்தபின் கொஞ்ச நேரம் மறுபடி எழமாட்டேன். அதனால் அலை பின்னோக்கிப் போகாமல் முன்னோக்கியே ஓடுகிறது.

அழகான கணக்கு. ஆனால் எங்கள் மைதானத்தில் சில டஜன் பேர் ஒரே நேரத்தில் எழுந்தார்கள், மூன்று முறை எழுந்தார்கள். அலை ஏன் வரவில்லை? அந்தக் கணக்கில் மனிதர்கள் எல்லோரும் ஒன்று. பக்கத்தில் இருப்பவர் பக்கத்தில் இருப்பவர்தான், அவர் யார் என்ற கேள்வியே அதில் இல்லை. நம் ஊரில் முதல் கேள்வியே அதுதான். கேலரியின் கடைசிப் படிக்கும் மணலுக்கும் நடுவே இருந்தது ஒரு மாட்டு வண்டி போகிற அளவு இடைவெளி.

“இடைவெளி இருந்தால் அலை தாண்டாது, இதில் சாதி எங்கே வந்தது?” என்று கேட்பவர்கள் சேப்பாக்கத்தை நினைத்துப் பாருங்கள். 2011 உலகக்கோப்பைக்காகக் கட்டப்பட்ட ஐ, ஜே, கே பகுதிகள் அனுமதிச் சிக்கலால் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. 2019 ஐபிஎல் இறுதிப்போட்டி சென்னையை விட்டு ஹைதராபாத்துக்குப் போனதற்கு அதுதான் காரணம். அந்த நாட்களில் நான் அங்கே ஆட்டம் பார்த்திருக்கிறேன். ஆயிரக்கணக்கான காலி இருக்கைகளுக்கு இந்தப் பக்கம் நின்ற அலையை, அந்தப் பக்கம் இருந்தவர்கள் மனசுக்குள் எண்ணிப் பார்த்துச் சரியான நேரத்தில் எழுந்து தொடர்ந்தார்கள். மூன்று கேலரி வெறுமையைத் தாண்டத் தெரிந்த தமிழ் ரசிகனுக்கு ஒரு வண்டிப்பாதை அகலத்தைத் தாண்டத் தெரியவில்லை என்றால், அது தூரத்தின் பிரச்சனை இல்லை. இன்னொன்றும் உண்டு. அதே வண்டிப்பாதையை முதல் அலை தாண்டித்தானே மணலுக்கு வந்தது? மேலிருந்து கீழே வரும்போது இல்லாத தடை கீழிருந்து மேலே போகும்போது மட்டும் எப்படி முளைத்தது?

இதற்கு விடை ‘நேச்சர்’ கட்டுரையில் இல்லை. நூறு ஆண்டுக்கு முன்னால் எழுதப்பட்ட இன்னொரு கட்டுரையில் இருக்கிறது. 1916 மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கு ஒன்றில், 25 வயது மாணவராக இருந்த அம்பேத்கர் இந்தியாவில் சாதிகள் எப்படித் தோன்றிப் பரவின என்பது பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். சாதியை எவரோ ஒருவர் சட்டம் போட்டு எல்லோர் தலையிலும் சுமத்தவில்லை. முதலில் பார்ப்பனர்கள் அகமண முறையால் தங்களைச் சுற்றிக் கதவடைத்துக்கொண்டார்கள், மற்றவர்கள் அதைப் பார்த்து நகல் செய்தார்கள், நகல் செய்யாதவர்கள் வெளியே தள்ளப்பட்டார்கள் என்பது அவருடைய வாதம். பிரெஞ்சுச் சமூகவியலாளர் கப்ரியேல் தார்த் வகுத்த போலச்செய்தல் விதிகளை அவர் இதற்குத் துணையாக எடுத்துக்கொள்கிறார். போலச்செய்தல் மேலிருந்து கீழே பாய்கிறது. அருகில் இருப்பவர்களிடம் அது தீவிரமாக இருக்கிறது.

சாதியே ஒரு மைதான அலைதான் என்று இதை நான் வாசிக்கிறேன். ஒரு கேலரியில் சில டஜன் பேர் தொடங்கினார்கள், பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்துச் செய்தார்கள். அது ஒரு திசையில் மட்டும் ஓடும். ஆய்வாளர்கள் கண்ட கடிகாரச் சுற்று போல, சாதிக்கும் ஒரு சுற்று உண்டு. மேலே இருப்பவனைப் பார்த்துச் செய்தால் பெருமை. கீழே இருப்பவனைப் பார்த்துச் செய்தால் அவமானம்.

அந்த அவமானம் எப்படி வேலை செய்கிறது என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் நானும் எழவில்லை.

நான் மதுராந்தகம் பக்கத்துக் காலனி ஒன்றில் பிறந்தவன். ஆய்வுக்காகப் புறம்போக்கு நிலப் பதிவுகளைத் தேடி அந்த ஊருக்குப் போயிருந்தேன். பல்கலைக்கழகத்தில் இருந்து வந்தவர் என்று என்னைக் கேலரியில் உட்கார வைத்து, சோடா உடைத்துக் கொடுத்தார்கள். யாரும் என் சாதியைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. காலனிப் பையன்கள் முதல் முறை எழுந்தபோது என் கால் தானாக எழப் பார்த்தது. எனக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எவரும் எழவில்லை. நான் மட்டும் எழுந்தால் நான் யார் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று ஒரு நொடி தோன்றியது. பாதி எழுந்து, சட்டையைச் சரிசெய்வதுபோல் உட்கார்ந்துவிட்டேன். அம்பேத்கரைப் படித்தவன், அவர் பெயரில் வட்டம் நடத்துபவன், மூன்று முறையும் உட்கார்ந்தே இருந்தேன். கேலரியில் இருந்த மற்றவர்களுக்கும் இதே பயம்தான் இருந்திருக்கும். எழுந்தால் தன்னையும் அவர்களில் ஒருவன் என்று எண்ணிவிடுவார்களோ என்ற பயம். அவர்களுக்கு அது கற்பனைப் பயம், எனக்கு உண்மைப் பயம். பலன் ஒன்றுதான். அலை செத்தது.

ஆகவே ‘விளையாட்டுக்குச் சாதி கிடையாது’ என்பவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். மைதான அலையில் நகர்வது அலை மட்டும்தான். ஆள் நகர்வதில்லை. ஒவ்வொருவரும் தன் இடத்திலேயே எழுந்து தன் இடத்திலேயே உட்காருகிறார். கேலரிக்காரர் கேலரியில், மணலில் இருப்பவர் மணலில். எவரும் இடம் மாறாமலேயே ஒற்றுமையின் காட்சி மட்டும் கிடைத்துவிடுகிறது. ஆதிக்கச் சாதிகளுக்கு இதைவிட வசதியான ஒற்றுமை வேறு கிடையாது. காட்சியைப் படம் பிடித்துப் பாட்டுப் போட்டு அனுப்பலாம், கயிற்றை அவிழ்க்க வேண்டியதில்லை.

இந்திய விளையாட்டு இதைத் தொடக்கத்திலிருந்தே செய்து வருகிறது. பல்வங்கர் பாலு பூனாவில் இந்துக்கள் அணிக்குப் பந்து வீசி வெற்றி தேடித் தந்தார். களத்தில் எல்லோரும் தொட்ட அதே பந்தை அவரும் தொட்டார். தேநீர் இடைவேளையில் மட்டும் அவருக்கு அரங்குக்கு வெளியே, தூக்கியெறியும் மண்குவளையில் தேநீர். 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூற்றுக்கும் மேல் விக்கெட் எடுத்த மனிதர் அவர். நூறாண்டு கழித்து என்ன மாறியது? 2021 டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதியில் இந்தியப் பெண்கள் ஹாக்கி அணி தோற்றதும், ஹரித்வார் அருகே வந்தனா கட்டாரியாவின் வீட்டு வாசலில் ஆதிக்கச் சாதி ஆண்கள் பட்டாசு வெடித்துச் சாதி சொல்லித் திட்டினார்கள். அதற்குச் சில நாள் முன்புதான் அவர் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் அடித்திருந்தார். அன்று நாடே எழுந்து கைதட்டியது. எழுந்தவர்கள் உட்கார எத்தனை நாள் ஆயிற்று?

இன்னொரு செய்தியையும் கவனிக்க வேண்டும். அந்த ‘நேச்சர்’ கட்டுரை வெறும் வேடிக்கைக்காக எழுதப்பட்டதில்லை. உணர்ச்சிவசப்பட்ட கூட்டம் கூடும் நிகழ்வுகளைக் கட்டுப்படுத்தும் கருவியாகவும் இந்தப் புரிதல் பயன்படலாம் என்று அதன் ஆசிரியர்களே சொல்கிறார்கள். கூட்டத்தைப் பற்றிய அறிவு வளரும்போதெல்லாம் அதை அடக்கும் ஆசையும் கூடவே வளர்கிறது. 1895இல் குஸ்தாவ் லெ போன் கூட்டத்தின் உளவியல் பற்றி எழுதியதிலிருந்தே கூட்டம் என்றால் புத்தி கெட்டது, தொற்றுநோய்போல் பரவுவது என்ற பார்வை ஆட்சியாளர்களுக்குப் பிடித்தமானது. ஆனால் எல்லாக் கூட்டத்தையும் அவர்கள் அப்படிப் பார்ப்பதில்லை. சிலர் கூடினால் ரசிகர்கள், சிலர் கூடினால் கும்பல்.

செங்கல்பட்டுக்கு இது புதிதில்லை. 1891இல் இந்த மாவட்டத்தின் ஆட்சியர் ட்ரெமன்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றி அறிக்கை எழுதினார். அதன் தொடர்ச்சியாகத்தான் பஞ்சமி நிலங்கள் வந்தன. அந்த நிலம் கைமாறிப் போனபோது திருப்பிக் கேட்டுக் கரணையில் மக்கள் திரண்டார்கள். 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காவல்துறை துப்பாக்கியால் சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் கொல்லப்பட்டார்கள். தங்கள் நிலத்தைக் கேட்டு எழுந்த கூட்டம் அது. அதற்கு அரசு வைத்த பெயர் வேறு. 2017 ஜனவரியில் மெரினாவில் லட்சக்கணக்கானோர் செல்போன் விளக்குகளை ஏந்தியபோது ‘ஒழுக்கமான கூட்டம்’ என்று நாடே பாராட்டியது. 23ஆம் தேதி போராட்டத்தைக் கலைத்தபோது தடியடியின் முழுப் பலமும் நடுக்குப்பத்தின் மீது இறங்கியது. மீன் சந்தை எரிந்தது. காவலர்களே தீ வைத்தார்கள் என்று குப்பத்து மக்கள் குற்றம்சாட்டினார்கள். புகழ் ஒரு கேலரிக்குப் போனது, லத்தி மணலுக்குப் போனது.

அந்த இரவு கயிற்றருகே வந்து நின்ற இரண்டு லத்திகளை இந்த வரிசையில் வைத்துத்தான் நான் பார்க்கிறேன். “ஒரு கபடிப் போட்டியைத் துப்பாக்கிச் சூட்டோடு ஒப்பிடலாமா?” என்று கேட்பீர்கள். இரண்டும் ஒன்று என்று சொல்லவில்லை. எழுந்தால் என்ன நடக்கும் என்பது அந்தப் பையன்களுக்கு நினைவில் இருக்கிறது என்கிறேன். அதனால்தான் லத்தி ஓங்கப்படாமலேயே அவர்கள் உட்கார்ந்தார்கள்.

இதே மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். 1924இல் சென்னை சட்டமன்றத்தில் அவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அலுவலகம், மக்கள் கூடும் பொது இடங்கள் என எதிலும் எந்தச் சாதியினரும் நுழைவதைத் தடுக்கக் கூடாது என்ற தீர்மானம். அது நிறைவேறி அரசாணையும் வந்தது. நூறு ஆண்டு ஆகிவிட்டது. மேய்க்கால் புறம்போக்கில் கட்டிய கேலரி மக்கள் கூடும் பொது இடமா இல்லையா? அதில் ஏறி உட்கார நன்கொடைச் சீட்டு எதற்கு?

கோடைதோறும் ஊருக்கு ஊர் கபடியும் கிரிக்கெட்டும் நடக்கின்றன. இந்தக் கட்டுரையைப் படிக்கும் உங்களில் பலர் அவற்றை நடத்தும் குழுக்களில் இருக்கிறீர்கள். காலனிக்கும் வசூலுக்குப் போங்கள், வாங்குங்கள், பங்கும் கொடுங்கள். நடத்தும் குழுவில் காலனிப் பையன்கள் பெயரும் பொறுப்போடு இருக்கட்டும். பொது நிலத்தில் நடத்துவதாக இருந்தால் கேலரி நான்கு பக்கமும் இருக்கட்டும், முதலில் வந்தவர் முதலில் உட்காரட்டும். மைக்கில் ‘காலனிப் பக்கம்’ என்ற சொல் வரக்கூடாது. இதற்கெல்லாம் ஒத்துக்கொள்ளாத போட்டிக்கு ஊராட்சி அனுமதியும் காவல்துறை பாதுகாப்பும் எதற்கு என்று ஊராட்சி மன்றத்திலும் கிராம சபையிலும் கேளுங்கள்.

இத்தனையும் உடனே நடக்காது என்று எனக்குத் தெரியும். இந்தக் கோடையிலும் அந்த ஊரில் போட்டி உண்டு. நான் போகப்போகிறேன். கேலரியில் இடம் கொடுத்தாலும் மணலில்தான் உட்காருவேன். நீங்கள் கேலரியில் உட்கார்ந்தால் குறை சொல்லமாட்டேன், அங்கேயும் ஆட்கள் தேவை. மணலில் இருந்து எங்கள் பையன்கள் எழும்போது, பக்கத்தில் இருப்பவர் எழுகிறாரா என்று பார்க்காமல் நீங்கள் எழுந்துவிடுங்கள். ஹெண்டர்சனுக்கும் பல முயற்சி தேவைப்பட்டது. நாங்கள் இதுவரை மூன்றுதான் செய்திருக்கிறோம்.